முனிகிருஷ்ணன் வாசித்தது

தொண்ணூற்றொன்றில் தொடங்கி ஐந்தாறு வருஷம் ஜெயராமன் ஊரான் பாட்டுக்கெல்லாம் கிதார் வாசித்தான். கன்னட சினிமாவில் வில்லன் பைக்கில் வந்து இறங்கினால் அவன் கிதார்தான் உறுமும். சோப்பு விளம்பரம், ஐயப்பன் பாட்டு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கேசட் உறையில் அவன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அதற்காக அவன் மூக்கால் அழுததும் இல்லை. கூப்பிட்டார்கள், போனான், ஒரே டேக்கில் முடித்துவிட்டு வீடு திரும்பினான். பிறகு சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் சின்னதாக ஸ்டுடியோ போட்டு, மற்றவர்கள் பாட்டைப் பதிவு செய்து தரும் புரொட்யூசர் ஆனான்.

அவனுக்கு ராக் பைத்தியத்தை ஏற்றிவிட்டவன் முனிகிருஷ்ணன். இருவரும் அல்சூரில் ஒரே தெரு, ஒரே வயது. முனி பீன்யா தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டினான். ஞாயிறு வந்தால் ஒரு ராக் பேண்டில் லீட் கிதார். கேத்தரின் பாடுவாள். ஆனால் கூட்டம் வருவது முனி தனித்து வாசிக்கும் சோலோவுக்காகத்தான். சோலோ வந்ததும் அவன் தாளத்தை மீறிக்கொண்டு ஓடுவான். டிரம்ஸ்காரன் நாக்குத் தள்ளப் பின்னால் துரத்துவான். கூட்டம் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்து ஆடும்.

தொண்ணூற்றெட்டில் பம்பாய் கம்பெனி ஒன்று அவர்கள் பாட்டைக் கேசட்டாகப் போட ஒப்புக்கொண்டது. முனிக்குத் தலைகால் புரியவில்லை.

"மச்சி, நான் செத்தப்புறமும் ஜனங்க போட்டுக் கேக்கணும்டா. அப்படி ஒண்ணு பண்ணிக் குடு."

ஜெயராமனுக்கும் வேறு ஆசை இல்லை. முனி வாசிப்பது ஊருக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டுடியோவில் டிரம்ஸை முதலிலேயே பதிவு செய்தாகிவிட்டது. முனி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காதில் தாளம் காட்டும் 'டக் டக்' என்ற கிளிக்கோடு சேர்ந்து வாசிக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. அவன் ஓடினான், பதிவான டிரம்ஸ் துரத்தவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தான். சட்டை தொப்பலாக நனைந்ததுதான் மிச்சம்.

"என்ன குரு இது, பல்லி மாதிரி காதுல உக்காந்துக்கினு கத்துது!" என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. "ஏதாவது ஒண்ணு தேறும், பொறுக்கிக்கோ" என்று கிளம்பினான்.

ஒன்றும் தேறவில்லை. மறுநாள் டேப் பம்பாய்க்குப் போயாக வேண்டும். ஜெயராமன் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தான். முனியின் சோலோவை, அதே சுரங்கள், அதே இழுப்புகளோடு, தாளம் பிசகாமல் தானே வாசித்துப் பதிந்தான். வழக்கம்போல ஒரே டேக்.

"அவன்கிட்ட சொல்வியா?" என்றாள் பக்கத்தில் இருந்த கேத்தரின்.

"என்னத்த சொல்றது? எல்லாமே அவனோடதுதானே. டைமிங் மட்டும்தான் என்னுது."

கேசட் வந்தது. உறையில் கிதார் என்பதற்கு நேராக முனிகிருஷ்ணன் பெயர். ஸ்டுடியோவில் உட்கார்ந்து முனி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"நல்லா வாசிச்சிருக்கேன் இல்ல?" என்றான் முனி.

"சூப்பர்டா."

வெளியீட்டுக் கச்சேரி நெருங்கியபோது முனி கிதாரோடு ஸ்டுடியோவுக்கு வந்தான்.

"மச்சி, கேசட்ல நான் வாசிச்சத எனக்குக் காட்டிக் குடு. ஜனங்க அதத்தான் கேக்க வருவாங்க."

தெரிந்துகொண்டுதான் கேட்கிறான், குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். ஜெயராமன் வெட்கத்தோடு கிதாரை எடுத்தான். முனி தானாகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கிளிக்கைப் போடச் சொன்னான்.

கச்சேரியன்று ஜெயராமன் அரங்கின் பின்னால் ஒலி மிக்ஸரில் நின்றான். சோலோ வந்தது. முனி ஓடவில்லை. ஒவ்வொரு சுரமும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. டிரம்ஸ்காரன் வியர்க்காமல் வாசித்தான். ஜனங்கள் நாற்காலியில் இருந்தபடியே கேட்டு, முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள். ஜெயராமனுக்குக் கேட்டது தன் கிதார்தான். மேடையில் நண்பன் நின்றிருந்தான், அவன் வாசிப்பைக் காணோம்.

இறங்கி வந்த முனி துணியால் கம்பிகளைத் துடைத்தான்.

"இன்னிக்கு ஓடல இல்ல?"

"ஓடலடா" என்றான் ஜெயராமன்.