சீப்பில் வராத முடி

யான் ராணி எப்போது கண்ணாடியைப் பார்ப்பாள், எப்போது பார்க்கமாட்டாள் என்பது தினமும் அவளுக்குத் தலை வாரும் மூஜினுக்கு அத்துப்படி. காலைத் தேநீரை வாயில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். அந்த ஒரு மடக்கு நேரம் போதும். சீப்பின் பற்களில் சிக்கிய முடியை விரலில் சுருட்டித் தன் அங்கியின் இடது கை மடிப்புக்குள் தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அடுத்த வகிட்டுக்குப் போய்விடுவாள் மூஜின்.

ராணிக்குப் பிறந்த பெண் குழந்தை தங்காமல் போன வருஷத்திலிருந்து முடி உதிர ஆரம்பித்திருந்தது. உதிர்ந்ததை மூஜின் வீணாக்கவில்லை. அரிசி கழுவிய நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பட்டு நூலால் கட்டிச் சவுரியாக்கி வைத்திருந்தாள். விசேஷ நாட்களில் அதையே கொண்டையில் சேர்த்துச் சுற்றுவாள். அந்தப்புரத்துப் பெண்கள் பச்சை மணிக்கல்லில் செய்த பட்டையான தண்டு ஒன்றைத் தலைமேல் குறுக்கே வைத்து அதில் முடியைச் சுற்றிக்கொள்வது வழக்கம். முடி அடர்த்தியாக இருந்தால் தண்டின் முனைகள் மட்டும் தெரியும். குறைந்துபோனால் நடுவிலும் பச்சை எட்டிப்பார்க்கும். விருந்துகளில் எல்லாக் கண்களும் முதலில் போவது அங்கேதான்.

சீப்பைப் பிடிப்பவள் என்றால் மற்ற பணிப்பெண்களுக்கு ஒருபடி மேல். மற்றவர்கள் ராணியின் அறைக்குள் தலை குனிந்து நிற்க வேண்டும். சீப்புக்காரி நிமிர்ந்து நிற்கலாம். ராணி விடிந்ததும் பேசும் முதல் வார்த்தை அவள் காதில்தான் விழும். சமையல்கட்டில்கூட மூஜினுக்குத்தான் முதல் சோறு, ஆவி பறக்க. வெளியே சொன்னதில்லை என்றாலும், அந்த இடத்தில் வேறொருத்தியை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது.

ராணியின் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

"அவ தலை எப்படி இருக்காம்?"

அவள் என்றால் சக்கரவர்த்தியின் இன்னொரு மனைவி ஹே ராணி. சந்துக்கு எதிர்ப்புறம், சிவப்புக் கதவு போட்ட மாளிகை. வயதில் சின்னவள். அந்த வேனிலில் சக்கரவர்த்தி தன் சாப்பாட்டு மேசையிலிருந்து வாத்து வறுவலை எடுத்து அனுப்பிவைத்தது அந்த மாளிகைக்கு. யான் ராணிக்கு வந்தது ஆறிப்போன பருப்புக் கூழ். அன்றைக்குத் தொடங்கியது இந்தக் கேள்வி.

"கொத்துக் கொத்தா வருதாம் ராணிம்மா" என்பாள் மூஜின். ராணியின் தோள் தளரும். அன்றைய தேநீர் இனிக்கும்.

இந்தத் தகவல் தோங் சொல்லி வந்தது. தோங் ஹே ராணிக்குத் தலை வாருகிற அண்ணகர். சிறு வயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டு அரண்மனைக்குள் வந்தவர்களில் ஒருவர். எசமானிகள் இருவருக்கும் பேச்சு இல்லை. ஆட்களும் சந்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடந்தார்கள். ஆனால் பூக்கிடங்கில் அன்றைய வெல்வெட் பூக்களை எடுக்கப் போகும்போது மூஜினும் தோங்கும் தட்டைப் பார்த்தபடியே பேசிக்கொள்வார்கள். ஒரு புத்தாண்டில் இரண்டு ராணிகளும் ஒரே பீச் நிறப் பூவோடு வந்து நின்றதும், அதற்காக இவர்கள் இருவரும் பனியில் முட்டிபோட்டதும் மறக்கக்கூடியவையல்ல. அதிலிருந்து ஓர் உடன்பாடு. இன்றைக்கு உனக்குச் செவ்வந்தி, எனக்கு மாதுளை. நாளைக்கு மாற்றிக்கொள்வோம்.

தோங்கின் அங்கியிலும் இடது கை மடிப்பு கொஞ்சம் உப்பலாகத்தான் இருக்கும். ஹே ராணிக்கும் முடி உதிர்ந்தது. யான் ராணியின் முடி உதிர்கிறது என்று தன் எசமானியிடம் சொல்லிச் சமாதானப்படுத்துவது அவர் வழக்கம். எதிராளியின் தலை மொட்டையாகிக்கொண்டிருக்கிறது என்பதை இரண்டு ராணிகளும் தங்களைக் குளிரவைக்கச் சொன்ன பொய் என்று பாதி நம்பினார்கள். இருவர் காதிலும் விழுந்தது உண்மைதான்.

வேனில் முடியும் தறுவாயில் லிங்ஜியாவ் என்று ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். ராணிக்குத் தர்பூசணி விதை உரித்துக் கொடுப்பது அவள் வேலை. உரிக்கும்போது வாய் சும்மா இருக்காது. தன் அப்பா கோவேறு கழுதை ஒன்றிடம் தோற்றுப்போன கதையைச் சொன்னாள். கழுதைபோல நடந்தும் காட்டினாள். யான் ராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

மூஜின் கதவுக்கு வெளியே நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டாள். இத்தனை வருஷமாக அந்தத் தலையைத் தொட்டிருக்கிறாள். காய்ச்சலில் தாங்கியிருக்கிறாள். ஒருநாளும் சிரிக்கவைத்ததில்லை. அன்று சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கண்ணில் லிங்ஜியாவ் மட்டும்தான் பட்டாள். ராணியின் பழைய கைக்குட்டை அவள் இடுப்பில் தொங்கியது பட்டது. ராணிக்குத் தலைவலி என்றதும் நெற்றிப்பொட்டை அழுத்த அவளைக் கூப்பிட்டது பட்டது. அவள் விரல்கள் நீளமாக, வழவழப்பாக இருந்தது எல்லாவற்றையும்விட அதிகமாகப் பட்டது.

இலையுதிர் காலத்து நிலாத் திருநாள் நெருங்கிய ஒரு காலை, ராணி கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னாள்.

"திருநாளன்னிக்கு லிங்ஜியாவ் தலை வாரட்டும். உன் கை கொஞ்சம் கனமாயிடுச்சு மூஜின்."

சீப்பு நிற்கவில்லை. மூஜின் "சரிம்மா" என்றாள். பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் அவளுக்கே வந்தது.

அவள் சொல்லிக்கொடுத்ததில் ஒரு குறையும் காண முடியாது. எந்த மரச்சீவலை ஊறவைத்த நீர் முடியைப் படியவைக்கும், எண்ணெய் எவ்வளவு, வகிடு எங்கே, தண்டில் எந்தப் பக்கம் முதலில் சுற்றுவது, எல்லாமே சொன்னாள். தன் தலையையே காட்டிப் பழகவிட்டாள். லிங்ஜியாவ் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். அதுவும் பொறுக்கவில்லை. கடைசி நாள் அந்தப் பெண் கேட்டாள்.

"அக்கா, சீப்போட முடி வந்துட்டா என்ன பண்றது?"

இப்படி நேராகக் கேட்பாள் என்று மூஜின் எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தை போதும். கையைத் திருப்பிக் காட்டினால்கூடப் போதும்.

"ராணிம்மாவுக்கு முடி வராது" என்றாள். "உன் கை முரடா இருந்தாத்தான் வரும்."

பூக்கிடங்கில் தோங்குக்கு விஷயம் தெரிந்திருந்தது. அரண்மனையில் சுவருக்கும் காது தேவையில்லை, ஆட்களே போதும். பாசிமணிப் பூ ஒன்றை எடுத்து ஊதித் தூசி தட்டிக்கொண்டே கேட்டார்.

"சின்னப் பொண்ணுக்குக் கையைக் காட்டிக்குடுத்தியா?"

"எல்லாம் சொல்லிட்டேன் அண்ணே."

"எல்லாமுமா?"

மூஜின் தட்டில் பூக்களை அடுக்கினாள்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கே. அடி அவளுக்கு, சீப்பு உனக்கு" என்றார் தோங். "எங்க ஆளுங்களுக்குக்கூட இவ்வளவு தெளிவு கிடையாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தச் சீப்பை அவ கண்ணாடி முன்னால தூக்கிக் காட்டுறப்ப, பாக்கப்போறது யாரு?"

"உங்க ராணிக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும், போய்ச் சொல்லுங்க."

"முடி உதிர்றதைச் சொல்வேன், இதை நான் சொல்லமாட்டேன்னு உனக்குத் தெரியும். அதான் இவ்வளவு தைரியமாப் பேசுற" என்று பூத்தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு யாருக்கு எந்தப் பூ என்று பேசிக்கொள்ள இருவருக்குமே மறந்துபோயிற்று.

திருநாள் காலையில் மூஜின் பூத்தட்டோடு வாசல்படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அங்கிருந்து கண்ணாடியின் பாதி தெரிந்தது. லிங்ஜியாவ் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு வாரினாள். இரண்டாவது இழுப்பிலேயே வந்துவிட்டது. சின்ன முடிச்சு அல்ல, ஒரு சுருள். அந்தப் பெண்ணின் கை காற்றில் நின்றது. ஒளிக்க அவளுக்குத் தோன்றவில்லை. சீப்பை இரண்டு கைகளிலும் ஏந்தி, கைதவறி உடைத்த கிண்ணத்தைக் கொண்டுவருபவள்போல, அப்படியே முட்டி போட்டாள்.

மூஜின் காத்திருந்தாள். இப்போது தேநீர்க் கிண்ணம் பறக்கும். காவல் அண்ணகரைக் கூப்பிடும் குரல் வரும். திருநாளன்று எசமானியின் முடியைப் பிடுங்கியவளைத் துணி துவைக்கும் கொட்டகைக்கு அனுப்புவார்கள், அங்கே போனவள் திரும்பியதில்லை.

ஒன்றும் பறக்கவில்லை. ராணி அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடி வரும்னு உனக்கு யாரும் சொல்லலையா?" என்றாள் கடைசியில்.

"மூஜின் அக்காகிட்ட கேட்டேன் ராணிம்மா. என் கை முரடா இருந்தாத்தான் வரும்னாங்க. நான் மெதுவாத்தான் வாரினேன், சத்தியமா."

ராணி அவளை எழுப்பி, போய்த் தேநீர் சூடாக்கிக் கொண்டுவரச் சொன்னாள். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் தேயும்வரை காதுகொடுத்திருந்தாள். பிறகு மூஜினை உள்ளே வரச் சொன்னாள். கதவையும் சாத்தச் சொன்னாள்.

"நிமிர்ந்து நில்லு. முட்டி போடாதே. பூ கசங்கும்."

மூஜின் நின்றாள்.

"உன் இடது கை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மூஜினின் கண் தன் இடது கை மடிப்புக்குப் போனது.

"தேநீர் குடிக்கறப்ப நான் கண்ண மூடிக்கறது சூட்டுக்காகன்னா நெனச்சே? உனக்கு நேரம் வேணுமேன்னுதான். தினமும் எனக்காக ஒருத்தி ஒளிக்கிறா, நானும் பாக்காத மாதிரி இருக்கேன். இந்தச் சுவத்துக்குள்ள எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்." குரல் உயரவில்லை. "அவளை அடி வாங்க வைக்கணும்னு நெனச்சே. அது எனக்குப் புரியுது. நானும் எதிர்வீட்டுக்காரியை அப்படித்தான் நெனக்கிறேன். ஆனா அதுக்கு என் தலையையா எடுத்துக்கிட்டே?"

தயாராக வைத்திருந்த பதில்கள் பல இருந்தன, வேறு கேள்விகளுக்கு. மூஜின் பூத்தட்டை மேசைமேல் இறக்கி வைத்தாள்.

"விருந்துக்கு நேரமாகுது" என்றாள் ராணி. "நீயே வாரு."

மூஜின் வாரினாள். அவள் கை என்றைக்கும் இல்லாத அளவுக்கு இலேசாக இருந்தது. சவுரியைச் சேர்த்தாள், தண்டில் சுற்றினாள், நடுவில் துளிப் பச்சை தெரியாமல் இழுத்துக் கட்டினாள். ராணி அன்றைக்கு ஒரு மடக்குத் தேநீர்கூடக் குடிக்கவில்லை. கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

விருந்து பெரிய முற்றத்தில் நடந்தது. நண்டுகள் ஆவியோடு வந்தன. யான் ராணியின் தலையிலும் செவ்வந்தி, ஹே ராணியின் தலையிலும் செவ்வந்தி. பின்னால் நின்ற தோங் மூஜினைப் பார்த்தார், மூஜின் தரையைப் பார்த்தாள். ஹே ராணி யான் ராணியின் கொண்டையையே ஓரக்கண்ணால் அளந்தாள். அளந்து முடித்ததும் அவள் கை அவளை அறியாமல் தன் கொண்டைக்குப் போய்த் தடவிப் பார்த்துக்கொண்டது. வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு கையசைவை யான் ராணி ஒரு மாதம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பாள். அன்று அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஒரே பூவுக்காக இரண்டு மாளிகைகளிலும் யாரும் யாரையும் தண்டிக்கவும் இல்லை.

சீப்பு மூஜினிடமே தங்கிவிட்டது. மறுநாள் அவள் வழக்கம்போல வந்து நின்றபோது ராணி ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை மேசைமேல் நகர்த்தி வைத்தாள்.

"வர்றதை இதுல போடு. எல்லாத்தையும்."

அன்றிலிருந்து முடி கண்ணுக்கு முன்னாலேயே தட்டில் விழுந்தது. கறுப்பு நூல் சிதறியதுபோல வெள்ளையில் கிடக்கும். இருவரும் அதைப் பார்ப்பார்கள். எதிர்வீட்டுத் தலை எப்படி இருக்கிறது என்று ராணி இப்போது மூஜினிடம் கேட்பதில்லை. லிங்ஜியாவுக்குத் தண்டனை இல்லை, பதவி உயர்வும் இல்லை. ராணியின் காலடியில் ஒரு முக்காலி மட்டும் கிடைத்தது. காலையிலேயே வந்து அதில் உட்கார்ந்து விதை உரித்தபடி, தன் ஊர்க் கிணற்றில் விழுந்த பன்றியைப் பற்றியோ, மூக்குப்பொடி போட்டுத் தும்மியே கல்யாணத்தை நிறுத்திய மாமனைப் பற்றியோ சொல்வாள். ராணி சிரிக்கும்போது தலை குலுங்கும். சீப்பை வைக்க முடியாது. மூஜின் கையை உயர்த்திப் பிடித்தபடி, அந்தச் சிரிப்பு முடியட்டும் என்று நிற்பாள். சில நாள் அது சீக்கிரம் முடியாது.