அம்மாவின் புதன்கிழமை

எல்லோரும் குச்சி என்று கூப்பிடுகிற அந்த ஒல்லிப் பெண் நடுராத்திரியில் சித்திக்குப் போன் போட்டாள். குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் தன் குரல் வெளியே கேட்காது என்று ஒரு கணக்கு. சித்தி நர்ஸ், இந்த வாரம் அவளுக்கு இரவு டியூட்டி. ஊர் அடங்கின பிறகும் விழித்திருக்கிற சொந்தம் குச்சிக்கு அவள் ஒருத்திதான்.

"என்னடி, பரீட்சை ஜுரமா?"

"அம்மா போனா திரும்பி வர மாட்டா சித்தி."

அந்தப் பக்கம் சித்தி நடந்து போய் ஏதோ ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. "முதல்லேருந்து சொல்லு" என்றாள்.

பயணம் சித்திக்குத் தெரியாத விஷயம் இல்லை. எனக்கும் ஒரு டிக்கெட் போடு அக்கா என்று நச்சரித்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவளே அவள்தான். கடல் தாண்டி, பாஷை தெரியாத, பூமிக்கடியில் ரயில் ஓடுகிற ஒரு பெரிய நகரம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, அங்கே மூன்று நாள், தன்னந்தனியாக.

அந்த ஆசையை மூட்டிவிட்டவள் ஒரு வாடிக்கையாளர். அம்மா தையற்காரி. முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேஜை, ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடி முன் நின்று அளவு கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண், தான் வருஷா வருஷம் அந்த ஊருக்குத் தனியாகப் போவதைச் சொன்னாள். ஒரு பூங்காவில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். ஒருத்தர்கூட அவளைக் கூப்பிடவில்லையாம். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த ரவிக்கைக்கு இடது தோளை இரண்டு தடவை அளந்தாள்.

அதற்குப் பிறகு வீடே அந்த ஊரானது. குச்சி போனில் தேடித் தேடிக் காட்ட, அம்மா கட்டிங் போடுகிற பழுப்புத்தாளை விரித்து, தையல் சாக்பீஸால் ரயில் பாதைகளை வரைந்தாள். சிவப்புப் பாதை, நீலப் பாதை, எந்த ஸ்டேஷனில் இறங்கி மாறுவது, எந்த வாசல் வழியாக வெளியேறினால் பெண்கள் மட்டும் தங்குகிற அந்த விடுதி. பார்க்கிறவர்களுக்கு அது யாரோ ஒரு குண்டுப் பெண்ணின் ஜாக்கெட் கட்டிங் மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

டிக்கெட் போடும்போதுதான் சிரிப்பு நின்றது. திரும்பி வரும் தேதி கேட்ட கட்டத்தில் குச்சி விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அதை விடு" என்றாள் அம்மா. "போறதுக்கு மட்டும் போடு."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற அத்தனை உயரமான கட்டடங்களிலும் சிக்கிக்கொண்டவர்களை இறக்கிவிட்டு வருகிறவர், வீட்டுக்குள் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். அம்மாவோடு மழைக்காலத்தில் ஆரம்பித்த சண்டை அது. எதற்காக ஆரம்பித்தது என்பதை இரண்டு பேரும் மறந்திருப்பார்கள், ஆனால் விடவில்லை. உங்கம்மாகிட்ட சொல்லு, உங்கப்பாகிட்ட சொல்லு என்று எல்லாம் குச்சி வழியாகத்தான். சாப்பாடு ரெடி, கரண்டு போயிடுச்சு, சாவி எங்கே, எல்லாவற்றுக்கும் அவள்தான் நடுவே தந்திக் கம்பி. அன்றைக்கும் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, திரும்பி வர டிக்கெட் எப்போது என்று உங்கம்மாவிடம் கேள் என்றார். அதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்கப்பாவிடம் சொல் என்றாள் அம்மா. கொண்டுபோகிற சேதியைக் குச்சி அதுவரை மாற்றினதே இல்லை. முதல்முறையாக மாற்றினாள். புதன்கிழமைக்குப் போட்டாச்சாம்ப்பா என்றாள்.

"அப்பாவுக்கு எதுவும் தெரியாது சித்தி. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"ஒரு டிக்கெட்டை வெச்சு இவ்வளவு பயப்படுறியா?"

"கத்தரிக்கோலைப் பெட்டியில வெச்சுட்டா."

அம்மா துணி வெட்டுகிற அந்தக் கத்தரிக்கோல் சித்திக்கும் தெரியும். அம்மாவைத் தவிர யார் கை பட்டாலும் அன்றைக்கு வீடு இரண்டுபடும். மூன்று நாள் ஊர் சுற்றப் போகிறவளுக்கு அது எதற்கு? பிழைப்புக்குப் போகிறவள்தான் கையோடு அதை எடுத்துப் போவாள். இதைச் சொல்லிக்கொண்டே குச்சி குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"சரி, நீ என்ன பண்ணின?" என்று கேட்டாள் சித்தி. குச்சி ஏதோ பண்ணியிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

"பாஸ்போர்ட்டை ஒளிச்சு வெச்சேன்."

"எங்க?"

"பெட்டிக்குள்ள. லைனிங்கைப் பிரிச்சு உள்ள வெச்சுத் தெச்சுட்டேன்."

"எந்தப் பெட்டி?"

"அம்மா பெட்டிதான்" என்றபோதுதான் குச்சிக்கே உறைத்தது. துணிக்குள் வைத்துத் தைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது மட்டும்தான் அவள் மண்டையில் ஓடியிருந்தது. தையற்காரி வீட்டில் வளர்ந்த புத்தி.

"அவ கொண்டு போற பெட்டிக்குள்ளயே வெச்சுத் தெச்சியாடி? வழிச்செலவுக்கும் கொஞ்சம் வெச்சிருக்கலாமே." சித்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு குரல் இறங்கியது. "போய்ப் பிரிச்சு எடுத்து வெச்சுடு. அப்புறம் அவகிட்டயே கேளு. என்கிட்ட அழுது என்ன ஆகப்போகுது?"

குழாயை மூடிவிட்டுப் பூனை மாதிரி முன்னறைக்கு வந்தாள். மெஷின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தரையில் பெட்டி திறந்திருந்தது. பக்கத்தில் அம்மா சப்பணமிட்டு உட்கார்ந்து, பெட்டியின் உள்துணி ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என் தையல் வலது பக்கம் சாயும்" என்றாள் அம்மா, நிமிராமலே. "இது இடது பக்கம் சாயுது. இந்த வீட்ல இடது கைக்காரி யாரு?"

குச்சி இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எப்பத் தெரியும்?"

"சாயங்காலமே. நல்லாத்தான் தெச்சிருக்க. கடைசி முடிச்சு மட்டும் அவசரம்."

அம்மா திட்டியிருந்தால் தேவலை. துணிகளுக்கு அடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவளிடம் நீட்டினாள். "நீயே பிரி. துணியில படாம நூலை மட்டும் வெட்டு."

குச்சி உட்கார்ந்து வெட்டினாள். கத்தரிக்கோல் அவள் நினைத்திருந்ததைவிடக் கனமாக, அவள் இடது கைக்கு எதிராகத் திரும்பிக்கொண்டே இருந்தது. அம்மா லைனிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நாலு தையல் பிரிந்த பிறகுதான் குச்சியால் கேட்க முடிந்தது.

"திரும்பி வருவியாம்மா?"

"வருவேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"பொய் சொல்லவா உன்கிட்ட?" அம்மா துணியை விட்டுவிட்டாள். "அந்த ஊர்ல ஒரு பெஞ்சுல போய் உக்காரணும். அவ்வளவுதான் தெரியும். எழுந்திருக்கணும்னு எனக்கே தோணுதான்னு பாக்கணும். இந்தக் கத்தரிக்கோலை ஏன் எடுத்து வெச்சேன்னு கேக்காத, எனக்கே தெரியல." பிறகு எப்போதும் போலச் சொன்னாள்: "உங்கப்பாகிட்ட சொல்லு, புதன்கிழமை வந்துடுவேன்னு."

அம்மாவின் புதன்கிழமை ஊருக்கே தெரியும். புதன்கிழமை தந்துடுறேன் என்று அவள் சொல்லி, சனிக்கிழமைக்கு முன்னால் யாரும் துணியை வாங்கிப் போனதில்லை. வாசலில் நின்று சண்டை போடுகிறவர்கள்கூட, உன் புதன்கிழமையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்றுதான் ஆரம்பிப்பார்கள். குச்சிக்கும் அதுதான் ஞாபகம் வந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. அவள் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு."

"என்னடி?"

"இனிமே யாரு சேதியும் நான் கொண்டு போக மாட்டேன். நீ போனதுக்கு அப்புறம் நான் யாரு சேதியை யாருகிட்ட கொண்டு போவேன்?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா அவளையே பார்த்தாள். குச்சியின் கண்ணைத் துடைக்கவோ கட்டிக்கொள்ளவோ இல்லை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, படுக்கையறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"புதன்கிழமை வந்துடுவேன்" என்றாள் இருட்டைப் பார்த்து.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அப்பாவும் தூங்கவில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவர் அம்மாவிடம் நேராகப் பேசினார்.

"காலண்டர் புதன்கிழமையா, உன் புதன்கிழமையா?"

அம்மா கதவு நிலையில் நகத்தால் எதையோ சுரண்டினாள்.

"சனிக்கிழமைன்னு வெச்சுக்கோ" என்றாள் கடைசியில்.

அம்மா உள்ளே போகவுமில்லை, திரும்பி வரவுமில்லை. அம்மா ஒரு தேதியை உள்ளபடி சொல்லிக் குச்சி கேட்டது இதுதான் முதல்முறை. அவள் போனை எடுத்து, திரும்பி வரும் தேதி கேட்ட அந்தக் காலிக் கட்டத்தைத் தேடி, சனிக்கிழமையின் மேல் விரலை வைத்தாள். தேதி இரண்டு தடவை தப்பாக விழுந்தது.