ஸ்டேஷன் மாஸ்டரின் சாவி

மூடிப்போன ஸ்டேஷனின் சரித்திரத்தைப் பலகையில் எழுதிவைக்கப் பஞ்சாயத்தில் முடிவு செய்திருந்தார்கள். அதில் ஒரு வார்த்தையை எடுப்பதா வைப்பதா என்று சொல்லத்தான் செலுவநாராயணன், எழுபத்து மூன்று வயதில், முட்டிவலியோடு மைசூரிலிருந்து நஞ்சனகூடு தாண்டி வந்திருந்தார். கார் ஓட்டி வந்தவள் மகள் ஸுஷ்மா.

பிளாட்பாரத்தில் ஆடுகள் படுத்திருந்தன. அங்கே காத்திருந்த ஊர்க்காரர் லிங்கப்பன் துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"படிச்சுப் பாருங்க சாமி."

அதில் இருந்தது: 1963இல், தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் தொட்டையன், மாஸ்டரின் சாவியைத் திருடி, வண்டி புறப்பட அனுமதியாகும் டோக்கனை எடுத்துக் கொடுத்துக் கூட்ஸ் வண்டியை அனுப்பினான்; பாயிண்ட் சரியாக விழாமல் ஐந்து வேகன்கள் கவிழ்ந்தன. தொட்டையன், லிங்கப்பனின் அப்பா. மாஸ்டர், செலுவநாராயணனின் தகப்பனார்.

"பாயிண்ட் தப்புனது நெசமுங்க. வேல போனதும் சரி. ஆனா எங்கப்பன் திருடனில்லீங்க. மாஸ்டர் வீட்டுல சரின்னா அந்த வார்த்தைய எடுத்துடறோம்னு பஞ்சாயத்துல சொன்னாங்க."

"எங்க தோப்பனார் டூட்டியில இருந்ததா ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு."

"இருக்குமுங்க. அந்தக் கையெழுத்துதான எங்க சோத்தத் தின்னுது."

ஸுஷ்மா குறுக்கிட்டாள். "ஒரு வார்த்தைதானேப்பா. எடுக்கச் சொல்லிட்டு வாங்கோ, போலாம்."

"நீ சும்மா இரு."

ஒரு வார்த்தைதான். அதை எடுத்தால், திருடாத சாவி தொட்டையன் கைக்கு எப்படி வந்தது என்று எவனாவது கேட்பான். டோக்கன் பெட்டியின் சாவி மாஸ்டரின் இடுப்பைவிட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். அன்று மேல்கோட்டைப் பெருமாள் கோயிலில் வைரமுடி சேவை. லீவு கிடைக்கவில்லை. பாசுரம் பாடும் கோஷ்டியில் தங்கள் இடம் காலியாக இருந்தால் குடும்பத்துக்கு இழுக்கு என்று தகப்பனார் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார், சாவியைத் தொட்டையனிடம் கொடுத்தார், பஸ் ஏறினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன பையன் செலுவநாராயணன்தான்.

இந்த அறுபது வருஷத்தில் எத்தனை கல்யாணப் பந்தலில், 'எங்காத்துல யாரும் தலை குனிஞ்சதில்லை' என்று சொல்லியிருப்பார்! இப்போது நிமிர்ந்து உட்காரவே முதுகு மறுத்தது.

"திருடலை," என்றார். "எங்க தோப்பனாரே குடுத்தார். அன்னிக்கு அவர் இங்க இல்லை. நானும் கூடப் போயிருந்தேன்."

ஸுஷ்மா அப்பாவையே பார்த்தாள். லிங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எங்கப்பன் சாவறவரைக்கும் இதத்தான் சொன்னாருங்க. ஊர்ல ஒருத்தரும் நம்பல. நீங்க ஒரு கார்டு போட்டிருக்கலாமுங்க சாமி."

செலுவநாராயணன் தாளை மடியில் விரித்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். 'மாஸ்டரின் சாவியைத் திருடி' என்பதை அடித்துவிட்டு, 'விதியை மீறி மாஸ்டர் கொடுத்துச் சென்ற சாவியால்' என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டார்.

லிங்கப்பன் அதை இரண்டு தரம் படித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் நடந்தார்.