இடைவெளி விழாத வரிசை

வருஷத்தின் கடைசி நாள் சாயங்காலம் ஹின்டர்மூஸ் மலைக்கிராமமே பனிச்சறுக்குச் சரிவின் அடியில் கூடிவிடும். பயிற்சியாளர்கள் மலையுச்சியிலிருந்து தீப்பந்தங்களோடு வளைந்து வளைந்து இறங்குவதைப் பார்க்க வியன்னாவிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ஜனம் வந்து, கொள்ளை விலைக்கு அறை எடுத்துத் தங்கும். சறுக்குப் பள்ளியின் தலைவன் கஸ்பருக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் வருஷம் முழுக்க உயிர். போன வருஷம் வரிசையின் நடுவில் ஒருவன் விழுந்து பந்தம் அணைந்து, வெளிச்ச வரிசையில் ஓர் இடைவெளி விழுந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் படமெடுத்து, 'ஹின்டர்மூஸ் கிழவிக்குப் பல்லு விழுந்துடுச்சு' என்று பள்ளத்தாக்கு முழுக்கக் காட்டிச் சிரித்தார்கள். ஈஸ்டர் வரைக்கும் கஸ்பர் அந்த ஊர்ப் பக்கம் தலைகாட்டவில்லை.

இந்த வருஷம், உச்சியில் பந்தங்களைக் கொளுத்தியான பிறகு, தம்பி வென்டெல் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, பிடி உடைஞ்சுபோச்சு. பலகை பூட்ஸ்ல நிக்க மாட்டேங்குது."

"நேரம் பாத்து உடையுது பாரு. போன வாரமே மாத்துன்னு சொன்னேன்ல?"

"நீ சொல்றதையெல்லாம் கேக்க ஆரம்பிச்சா எனக்கு வேற பொழப்பே இருக்காது."

கீழே ஊர் பாண்டு வாத்தியம் ஆரம்பித்துவிட்டது. முன்னால் நின்றவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். வென்டெல் தன் பந்தத்தை அண்ணன் கையில் திணித்தான்.

"கடைசி ஆளு நீதானே. ஒண்ணை முன்னால நீட்டு, ஒண்ணைப் பின்னால நீட்டு. இருட்டுல எவனுக்குத் தெரியப்போகுது? நான் லிஃப்ட்ல இறங்கிடுறேன். ரோஸ்வித்தா எனக்கு வாங்கின வைனையும் சேத்துக் குடிச்சிடப் போறா, ஓடு."

கஸ்பர் வாங்கிக்கொண்டான். அங்கேதான் அவனுக்குப் புத்தி மழுங்கிப்போனது. ஊர்வலம் முடிந்ததும் அர்னோ, பனியை நிரவும் சமன்வண்டியை ஓட்டிக்கொண்டு சரிவில் ஏறுவான். உச்சித் தூணில் கட்டிய எஃகு வடத்தைச் சுருட்டி இழுத்தபடி செங்குத்தில் ஏறும் வண்டி அது. பனிக்குள் தளர்ந்து கிடக்கும் வடம், இழுபட்டதும் விண்ணென்று துள்ளி எழும். அந்த வழியில் மனிதன் நின்றால் கதை முடிந்தது. அதனால் கீழே நின்று பந்தங்களை எண்ணி, எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அர்னோ ஏற வேண்டும். அந்த விதியைப் போட்டவனே கஸ்பர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவன் மண்டைக்குள் இருந்ததெல்லாம் பல்லுப்போன கிழவி மட்டும்தான்.

வரிசை இறங்கியது. கஸ்பர் கைகளை விரித்து, இரண்டு பேருக்கான வெளிச்சத்தைச் சுமந்துகொண்டு வந்தான். கைதட்டல் பாதி மலைவரைக்கும் கேட்டது. அடிவாரத்தில் பந்தங்களைப் பனியில் குத்தி அணைத்தபோது அவனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

வென்டெலின் மனைவி ரோஸ்வித்தா இரண்டு கையிலும் ஆவி பறக்கும் கோப்பைகளோடு வந்தாள்.

"எங்க உன் தம்பி? வழக்கம்போல டச்சுக்காரிங்களோட படம் எடுத்துட்டிருக்கானா?"

"லிஃப்ட்ல வர்றான்."

பக்கத்தில் நின்று பலகாரம் தின்றுகொண்டிருந்த லிஃப்ட்காரன் பெப்பி திரும்பினான்.

"லிஃப்ட்லயா? உங்களை மேல விட்டதுமே நிறுத்திட்டேனே. அதுக்கப்புறம் யாரு வரப்போறாங்க?"

கஸ்பர் அண்ணாந்து பார்த்தான். லிஃப்ட் கம்பியில் நாற்காலிகள் இருட்டில் அசையாமல் தொங்கின. லிஃப்ட் இல்லையென்றால் வென்டெல் என்ன செய்வான்? பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவிலேயே நடந்து இறங்குவான். கஸ்பர் தம்பிக்கு போன் போட்டான். அது ரோஸ்வித்தாவின் கோட்டுப் பைக்குள் ஒலித்தது.

"விழுந்தா உடைஞ்சிடும்னு எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனான்" என்றாள் அவள். "ஏன் உனக்கு மூஞ்சி இப்படி வெளுக்குது?"

அர்னோவின் வண்டி விளக்கு பாதிச் சரிவைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கஸ்பர் அவனை அழைத்தான். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். இந்தத் தடவை அர்னோ எடுத்தான்.

"என்ன கஸ்பர்? வருஷம் பொறக்க இன்னும் நேரமிருக்கு."

"வண்டிய நிறுத்து. வென்டெல் மேல இருக்கான். நடந்து வர்றான்."

"அது எப்படி? எல்லாப் பந்தமும் வந்துச்சே. திருப்பித் திருப்பி எண்ணினேன்."

"நிறுத்துடா."

மேலே விளக்கு நின்றது.

"கஸ்பர்," அர்னோவின் குரல் இறங்கியிருந்தது. "வடம் இறுகுனப்போ எதுலயோ தட்டுச்சு. பனிக்கட்டின்னு நெனச்சேன். இரு, இறங்கிப் பாக்குறேன்."

கஸ்பர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அர்னோ வென்டெலின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவது நின்றுபோனது. அப்புறம் அர்னோ அழுவது கேட்டது.

ரோஸ்வித்தாவுக்கும் அது கேட்டது. கோப்பைகளைப் பெப்பியின் கையில் கொடுத்தாள்.

"நானும் எண்ணினேன், கஸ்பர். எப்படிச் சரியா வந்துச்சு?"

"அவனோடதையும் நான்தான் பிடிச்சேன்."

"எதுக்கு?"

"வரிசைல இடைவெளி விழக்கூடாதுன்னு."

அவள் அவனை அடிக்கவில்லை. பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கினாள். கஸ்பரும் பின்னால் போனான். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ வராத. அவனைத் தூக்குறதுல உன் கை படக்கூடாது."

கஸ்பர் நின்றுவிட்டான்.