கோடையில் போய்ப் பார்த்த குட்டை

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மாலையில் தாவரவியல் வகுப்புக்குப் போகிறேன். இரண்டிலும் தேறுவேனா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதனால் எதையும் இரண்டு தடவை பார்ப்பேன். ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் அந்தப் பூவைக் கண்டபோதும் அப்படித்தான். மறுநாளும் போய்ப் பார்த்து, வகுப்பில் விசாரித்து, அரிய வகைதான் என்று உறுதியான பிறகே வீட்டில் வாய் திறந்தேன்.

வீடு என்றால் அக்கா வீடு. அக்காவின் கணவர், என் மாமா, நில ஆய்வு கம்பெனியில் வேலை பார்க்கிறார். கட்டடம் வரப்போகும் இடத்தில் அரிய செடியோ பறவையோ இருக்கிறதா என்று பார்த்து அறிக்கை கொடுப்பது அவர்கள் தொழில்.

அந்தப் பள்ளம் மழைக்காலத்தில் மட்டும்தான் குட்டை. மழை நின்று தண்ணீர் உள்வாங்கும்போது விளிம்பில் வெள்ளை வளையமாகப் பூக்கும். தண்ணீர் சுருங்கச் சுருங்க வளையமும் உள்ளே நகரும். கடைசி ஈரமும் காய்ந்தால் செடி பொடியாகிவிடும். விதை மட்டும் மண்ணுக்குள் கிடக்கும்.

"மச்சினிக்கு மாப்பிள்ளை பாக்கலாம்னா, இவ பூவுக்குக் காவல் இருக்கா," என்று மாமா கிண்டல் செய்வார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஸ்கூட்டரில் கூட்டிப்போனவர் அவர்தான். பேன்டை மடித்துவிட்டு என்னோடு சேற்றில் இறங்குவார். வேறு யாரும் கேட்காததையெல்லாம் கேட்பார்.

"இது எப்ப அடையாளமே இல்லாம போகும்?"

"வெயில் ஏறினதும் மாமா. மண்ணு வெடிச்சிட்டா பக்கத்துல நின்னாகூட ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணுமேவா?"

"ஒரு இலைகூட."

அவர் தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கோடையில் நகராட்சி அலுவலகத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அந்தப் பள்ளத்தை மூடிக் கிடங்கு கட்டப்போகிறார்களாம். வகுப்பிலிருந்து நான் மட்டும் போனேன். அறிக்கை படிக்க எழுந்தவர் மாமா. காலையில் ஒன்றாகத்தான் டீ குடித்தோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இடத்தை நேரில் ஆய்வு செய்தோம். வறண்ட தரிசு. குறிப்பிடத்தக்க தாவரம் எதுவும் இல்லை," என்று படித்தார்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எப்போது போனால் ஒன்றும் இருக்காது என்று நான்தான் சொன்னேன். அப்போது பார்த்துப் போயிருக்கிறார்.

கை தூக்கினேன். மைக்கை நீட்டினார்கள். மழை முடிந்ததும் அங்கே அரிய பூ பூக்கும், நானே பார்த்தேன் என்றேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி மாமா பக்கம் திரும்பினார்.

"அவங்க யாருன்னு எனக்குத் தெரியலைங்க," என்றார் மாமா. "ஏதோ களைச்செடியப் பாத்துக் குழம்பியிருக்கலாம்."

ஒரு கணம் நானும் நம்பினேன். குழம்பியிருப்பேனோ? வலது கண்ணுக்கான லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்து ஏச்சு வாங்கியவள்தானே? பிறகுதான் அந்த முதல் வாக்கியம் உறைத்தது. பூவைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரலாம். அவர் யார் என்பதில் வராது.

"மாமா," என்றேன். மைக் அதை அறை முழுக்கக் கொண்டுபோனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இவர் உங்க மாமாவா?" என்றார் அதிகாரி.

"எங்க அக்கா வீட்டுக்காரர் சார். நான் அவங்க வீட்லதான் இருக்கேன். பூத்திருந்தப்ப இவர்தான் என்னைக் கூட்டிட்டுப் போனார்."

"நீங்க ஆய்வுக்குப் போனது எந்த மாசம்?" என்று அதிகாரி அவரைக் கேட்டார். மாமா கையிலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மழை முடிந்து மறு ஆய்வு நடக்கும்வரை ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது என்று முடிவானது.

நடைகூடத்துக்கு வந்ததும் அக்கா போன் செய்தாள்.

"அவர் இப்பதான் பேசினாரு. ஊரே பாக்க மானத்த வாங்கிட்டியாமே. வேலை போயிட்டா நீயா சோறு போடுவ?"

"என்னை யாருன்னே தெரியாதுன்னு சொன்னாருக்கா."

"அது பேச்சுக்கு. பூ இருக்குன்னு எனக்குத் தெரியாதாடி?"

"அவர் கோடைக்குன்னு காத்திருந்து போனதும் தெரியுமா?"

அக்கா பக்கம் குழாயிலிருந்து வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதை நிறுத்திவிட்டு வந்தாள்.

"தெரியும்," என்றாள். "சாப்பிட வீட்டுக்கு வருவல்ல?"

எனக்குப் போக வேறு இடம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். வருகிறேன் என்றேன்.