குரல் கேட்டும்

சின்னப்பனுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது ரூபா ஒருத்திதான். அதுவும் வேலைப் பேச்சு.

போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையான பாம்பூஃப்ளாட்டில் ஃபெரி ஏறி, இந்தப் பக்கம் சாத்தமில் இறங்கி, கோயிலுக்குப் பின்னால் இருந்த அறைக்குத் தினமும் போவார். தெற்கே ஒரு சின்னத் தீவு. அங்கே சில நூறு பேர் பேசுகிற மொழியில் மாற்கு நற்செய்தியைக் கொண்டுவருவது அவர் வேலை. ரூபா அந்தத் தீவுக்காரி. மகனுடைய வைத்தியத்துக்காக போர்ட் பிளேரில் தங்கியிருந்தாள். அவர் எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, "எங்க ஆளுங்க இப்படிப் பேசமாட்டாங்க" என்று அடித்துவிடுவாள். இருவரும் பேசிக்கொண்டது இந்தியில்தான்.

வீட்டில் யாருமில்லை. மகள் படிப்புக்காகத் தூத்துக்குடி போன மனைவி கிரேசி, படிப்பு முடிந்து மகளுக்குக் கல்யாணமும் ஆன பிறகு அங்கேயே இருந்துவிட்டாள். சண்டை ஒன்றுமில்லை. அவள் வரவில்லை, அவ்வளவுதான்.

சிலுவையில் இயேசு கதறுகிற இடத்தில் வேலை நின்றது. ஏன் கைவிட்டீர் என்று தந்தையைக் கேட்கிறார். 'கைவிடு' என்பதற்குச் சின்னப்பன் ஒரு சொல்லைச் சொன்னார்.

"அது ஓட்டைத் தோணியைக் கரையில விட்டுட்டு வர்றதுக்கு, சார்."

"ஆளை விட்டுட்டு வந்தா?"

"ஆளை யார் விடுவாங்க?"

அந்த ஒரு சொல்லிலேயே மழைக்காலம் போயிற்று. ஒருநாள் படித்துக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்.

"சுனாமி அலை வந்தப்போ எங்கம்மா தாழைப் புதர்ல மாட்டிக்கிட்டாங்க. என் இடுப்புல கைக்குழந்தை. இப்போ ஆஸ்பத்திரியில கிடக்கிறானே, அவன்தான். அம்மா என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. கேட்டுச்சு. திரும்பாம மேட்டுக்கு ஓடினேன்."

சின்னப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

"குரல் கேட்டும் திரும்பாமப் போறது. எங்க பாஷையில அப்படித்தான் சொல்ல முடியும். எழுதுங்க."

"வேண்டாம் ரூபா. இது உன் துக்கம்."

"நான் மட்டுமா ஓடினேன்? ஊர்ல எல்லாருக்கும் புரியும்."

எழுதினார். நகரத்தில் இருந்த தீவுக் குடும்பங்களைக் கூட்டி ரூபா வாசித்துக்காட்டினாள். அந்த வரி வந்ததும் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். பெண்கள் மறுபடி படிக்கச் சொன்னார்கள். யாரும் திருத்தம் சொல்லவில்லை.

புத்தகம் அச்சாவதற்குள் மகன் தேறிவிட்டான். வெளியீடு தீவில்தான் என்று முடிவாயிற்று. வெளியாட்கள் அங்கே போக அரசாங்க அனுமதி வேண்டும், சின்னப்பனுடையது வந்துசேரவில்லை. ஊர் திரும்பும் ரூபாவோடு ஹேடோ துறைமுகத்தில் புத்தகப் பெட்டிகளை ஏற்றிவிட்டு நின்றார்.

"நீங்கதான் சார் முன்னால நின்னிருக்கணும்," என்றாள் ரூபா. இனி அவள் இங்கே வரவேண்டிய தேவையில்லை. கப்பல் நகர்ந்ததும் கையசைத்தார். அவள் மகனுக்கு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

சாயங்கால ஃபெரியில் ஓரமாக நின்று கிரேசிக்கு போன் போட்டார்.

"புஸ்தகம் கப்பல் ஏறிட்டு."

"சந்தோசம். சாப்பிட்டியளா?"

"கிரேசி, நீ இங்க வாயேன்."

இத்தனை வருஷத்தில் தான் ஒருமுறைகூட அவளைக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளாக வரட்டும் என்றே இருந்துவிட்டார்.

"இப்ப போயி கேக்கியளே," என்றாள் கிரேசி. "மவ மாசமா இருக்கா. பிரசவம் முடியட்டும். பொறவு பாப்போம்."

"சரி," என்றார்.

ஃபெரி கரை தட்டியது. கூட்டத்தோடு இறங்கி வீட்டுக்குப் போனார். விளக்கைப் போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் அரிசி களைந்தார்.