வாத்துத் திரை

என் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ரொட்டி, பால், நோட்டு, பென்சில், மிட்டாய், சோப்பு, அப்புறம் சிகரெட். இதில் எது எனக்குச் சோறு போடுகிறது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?

சிகரெட்டுக்கென்று கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே விளக்கு எரியும். கம்பெனி ஆள் இலவசமாக மாட்டிக் கொடுத்தது. எந்த வெயிலிலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வருவார் என்பதால் தெருவில் அவருக்கு டைக்காரர் என்றே பெயர். மாட்டிய அன்று டேப்பை இழுத்து இழுத்து அளந்து, அலமாரியை என் இடுப்பு உயரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் நல்ல நெட்டை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் குனிய வேண்டும். கொஞ்சம் ஏற்றி மாட்டக் கூடாதா என்று கேட்டதற்கு, எல்லாம் உங்கள் வசதிக்குத்தான் அக்கா என்றார். முதுகு வலி எனக்கு, வசதி யாருக்கு என்று நான் யோசிக்கவில்லை. இலவசம் என்றதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

யாருடைய வசதி என்று காட்டிக் கொடுத்தவர் சுகாதார இன்ஸ்பெக்டர் அம்மா. ஒரு நாள் காலையில் வந்தார். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. கல்லாவுக்கு முன்னால் முழங்காலை மடக்கிக் குந்தினார். ஏதோ சில்லறை விழுந்துவிட்டது போல என்று நான் எட்டிப் பார்த்தால், அவர் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் இங்கே வந்து ஒருமுறை பள்ளிப் பிள்ளை உயரத்துக்குக் குந்திப் பாருங்கள் என்றார். போய்க் குந்தினேன். மிட்டாய் ஜாடிகளுக்கு மேலே நேராகத் தெரிந்தது அந்த அலமாரிதான். கடைக்காரி முகம் நிற்கிற இடம் அங்கிருந்து தெரியவே இல்லை.

புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வருகிற கடைகளில் சிகரெட்டும் அதன் விளம்பரமும் கண்ணில் படக் கூடாது. பதினைந்து நாளுக்குள் வெளிச்சம் ஊடுருவாத துணியோ பலகையோ போட்டு மறைக்க வேண்டும். கையில் ஒரு நோட்டீஸைத் திணித்துவிட்டுப் போனார்.

இதற்காகப் புதுத் துணி வாங்க எனக்கென்ன வேண்டுதலா? வீட்டுப் பெட்டியைக் கிளறினேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஜன்னலுக்குப் போட்ட திரை கிடைத்தது. நீலத்தில் மஞ்சள் வாத்துகள். இரண்டாக மடித்துத் தைத்துக் கம்பியில் மாட்டினால் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. இவள் பேச ஆரம்பித்தபோது அதைக் காட்டி 'வாத்து' என்றுதான் முதலில் சொன்னாள், 'அம்மா' என்று இல்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எப்போதும் அலமாரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். பாக்கெட்டுகளின் மேல் அழுகிப்போன வாயும் கருகிய நுரையீரலும் அச்சடித்திருப்பார்களே, அது அவளுக்கு ஆகாது. அவசரத்துக்கு ஒரு பாக்கெட் எடுத்துக் கொடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் தடவுவாள். திரை போட்ட அன்று முதன்முறையாக அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அப்பாடா, பிள்ளைக்குப் பயம் விட்டது என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பைத்தியக்காரி நான்.

இன்ஸ்பெக்டர் அம்மா வந்து பார்த்தார். மறுபடி குந்தினார். எழுந்து 'சரியாக உள்ளது' என்று எழுதிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பாக்கெட் கண்ணுக்குத் தெரியாததால் முதல் நாள் பஸ் டிரைவர் ஒருவர், அந்த வாத்துக்குப் பின்னால் இருப்பதில் ஒன்று கொடுங்கள் என்றார். அடுத்த நாள், ஒரு வாத்து கொடுங்கள் என்றார். ஒரு வாரத்தில் தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. சும்மா இருக்குமா என் வாய்? பெரிய வாத்தா சின்ன வாத்தா என்று கேட்க ஆரம்பித்தேன். பெரியது என்றால் பாக்கெட், சின்னது என்றால் ஒற்றை. வாத்து சூடாக இருக்கிறதா அக்கா என்பார் ஒருவர். முட்டை போட்டதும் சொல்லி அனுப்புகிறேன் என்பேன். கடையே சிரிக்கும். மூலையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் மகளும் சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை டைக்காரர் வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. அப்போது ஒரு ஆள் வந்து ஒரு சின்ன வாத்து வாங்கிக்கொண்டு போனார். டைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். எத்தனை பேர் இப்படிச் சொல்கிறார்கள், எப்போதிலிருந்து, வாலிபப் பசங்களும் சொல்கிறார்களா என்று துருவித் துருவிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். திரையைப் படம் எடுத்தார். போகும்போது, மூளை என்றால் இதுதான் அக்கா மூளை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்துத் துணிச் சுருளோடு வந்து நின்றார். நீலத்தில் மஞ்சள் வாத்துகள். என்னுடைய வாத்துகளைவிடக் கொழுகொழுவென்று, ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. கம்பெனி பெயர் கிடையாது, ஒரு எழுத்து கிடையாது. வெறும் துணி, எந்தச் சட்டமும் கிட்டே வர முடியாது என்றார். இந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் எல்லாக் கடைக்கும் இலவசமாகப் போடுகிறார்களாம். எனக்கு முதல் மரியாதை. பாப்பாவுக்கு என்று ஒரு வாத்துச் சாவிக்கொத்தையும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பழைய திரையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியதும் இந்தக் கைதான்.

அடுத்த வாரம், மத்தியானம். பள்ளியில் அரை நாள் விடுமுறை. மகள் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் பின்னால் சாமான் அறைக்குள் போனவளைக் காணோம். சோப்புப் பெட்டி எடுக்கப் போன எனக்குப் புகை வாடை அடித்தது. மின்கம்பிதான் கருகுகிறது என்று ஓடினேன். சர்க்கரை மூட்டையின் மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் சிகரெட். என்னைப் பார்த்து அவள் பதறவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டாள், அவ்வளவுதான்.

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன்.

"என்னடி இது?"

"வாத்துதானேம்மா," என்றாள். "நம்மளோடது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. உனக்கு அந்தப் படங்களைக் கண்டால் ஆகாதே, எப்படி எடுத்தாய் என்று கேட்டேன். திரைக்குக் கீழே கையை விட்டு எடுத்தால் வாத்துதான் தெரியும், படம் தெரியாது என்றாள். இது மூன்றாவதாம். திரை மூடியிருந்ததால் மூன்று குறைந்தது எனக்கும் தெரியவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் வாத்து என்றால் என்னவென்று தெரியுமாம். சின்ன வகுப்புப் பிள்ளைகள் சாக்பீஸை வாயில் வைத்துக்கொண்டு வாத்து விளையாட்டு விளையாடுகிறார்களாம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. கடையில் ஆள் நின்றிருந்தார், பெரிய வாத்து கேட்டு.

அவரை அனுப்பிவிட்டு அலமாரியின் விளக்கை அணைத்தேன். திரையைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். மகளைப் பக்கத்துத் தையல்கடை அக்காவிடம் உட்கார வைத்தேன். ஷட்டரை இழுத்துவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தேன். வழியில் எண்ணினேன். பத்திரிகைக் கடை, பேக்கரி, சலூன் பக்கத்துப் பெட்டிக்கடை, பஸ் நிறுத்தத்துக் கடை. நாலிலும் வாத்துகள் கண்ணைச் சிமிட்டின. வீட்டிலிருந்து பள்ளிக்கு என் மகள் தினமும் நடக்கிற வழி இது.

இன்ஸ்பெக்டர் அம்மா தாள்கள் குவிந்த மேசைக்குப் பின்னால் இருந்தார். திரையை மேசைமேல் விரித்து, நடந்ததை ஒன்று விடாமல் கொட்டினேன். அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் முகம் வாடிப்போயிற்று.

துணியில் தப்பு இல்லை என்றார். வாத்து என்றால் சிகரெட் என்று யார் சொன்னது என்று கம்பெனி வக்கீல் கேட்டால் தன்னிடம் பதில் இல்லையாம். இந்தப் படத்தைப் பார்த்து ஒரு குழந்தை சிகரெட் என்று புரிந்துகொண்டது, எடுத்தது, குடித்தது என்று எழுத்தில் ஒரு வாக்குமூலம் வந்தால்தான் இந்தத் துணியையும் விளம்பரம் என்று சொல்லி எல்லாக் கடையிலிருந்தும் கழற்ற முடியும். பிள்ளையின் பெயர் வெளியே வராது. ஆனால் கடையின் பெயர் வரும். சிறு பிள்ளை கையில் சிகரெட் போன கடைக்கு உரிமம் ரத்து. சிகரெட்டுக்கு மட்டும் இல்லை, மொத்தக் கடைக்கும், ஆறு மாதம்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"நீங்க எதுவும் சொல்லல, நானும் எதுவும் கேக்கல. வீட்டுக்குப் போங்க. கறுப்புத் துணி ஒண்ணு வாங்கி மாட்டுங்க. பொண்ணைப் பக்கத்துலயே வச்சிக்கங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. கறுப்புத் துணி மாட்டினால் என் கடையில் வாத்து இருக்காது. அந்த நாலு கடையில் இருக்கும். பக்கத்துத் தெருவில் இருக்கும். அவள் பக்கத்திலேயே நான் எத்தனை வருடம் ஒட்டிக்கொண்டு நடப்பது? அவள் போகிற வழி எல்லாம், அவள் தொட்டிலில் கிடந்து பார்த்துச் சிரித்த படத்தையே தொங்க விட்டுக் கூப்பிடுகிறார்களே. கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது யார்?

படிவத்தை எடுங்கள் என்றேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். வயது எழுதினார். பொருள் என்ன என்ற இடத்தில் சிகரெட் என்று எழுதி, பக்கத்தில் வாத்து என்று மேற்கோள் குறிக்குள் போட்டார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றது. மேலே 'பொருளைக் கொடுத்தவர்' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே 'புகார் தரும் பெற்றோர்' என்று ஒரு கட்டம்.

"குடுத்தவர்னு யாரை எழுதறது? நீங்க குடுக்கலையே, அவளாத்தானே எடுத்தா?"

"திரையை மாட்டிக் குடுத்தது நான்தானே. என்னை எழுதுங்க."

"கீழ?"

"கீழயும் என்னைத்தான்."

ரெண்டு இடத்திலும் ஒரே ஆள் இருந்தால் மேலிடத்தில் தப்பாக நிரப்பியிருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு படிவம் வந்ததே இல்லையாம்.

"தப்பா எல்லாம் இல்ல," என்றேன். "ரெண்டு பேரும் நான்தான்."

அவர் என் பெயரை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை எழுதித் தாளை என் பக்கம் திருப்பினார். முதலில் மேல் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.